பாதருக்குப் பார்க்க மட்டும்

"பாதர், நீங்கள் பாக்கலாம். தொடேலாது."

எங்கள் கணினிக்குப் பொறுப்பான கிறேஸ் அக்கா இதைச் சொல்லும்போது தலையை நிமிர்த்துவதுகூட இல்லை. பாதர்தான் எங்கள் நிவாரண அலுவலகத்தின் பொறுப்பாளர். அந்தக் கணினியை வவுனியாவில் ஆமியிடம் பாஸ் எடுத்து, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்றி, பிறந்த பிள்ளையைக் கொண்டுவருவதுபோல மடியில் வைத்து ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் அவர் கதிரையை இழுத்துப் போட்டு, விசைப்பலகைப் பக்கம் ஒரு விரலை நீட்டினால் போதும், அக்காவின் குரல் வந்துவிடும். பாதர் அந்த விரலை நெற்றிக்குக் கொண்டுபோய், ஏதோ சிலுவை அடையாளம் போடத்தான் புறப்பட்டவர்போலப் போட்டு முடிப்பார்.

அக்கா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். அலைச் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகியதால், இரகசியம் சொன்னால்கூட முறிகண்டிக் கோயிலில் தேங்காய் உடைக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். கண்ணாடியின் ஒரு காது உடைந்துவிட்டது; அதை வலை பின்னுகிற நைலோன் நூலால் கட்டி வைத்திருக்கிறார். கட்டென்றால் சும்மா கட்டு இல்லை, கப்பலை நிறுத்தலாம். நடக்கும்போது இன்னமும் மணலில் நடப்பதுபோலக் குதிக்காலைத் தூக்கித் தூக்கி வைப்பார். கணினி அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றிக் கை கழுவ வேண்டும். கோயிலில்கூட எங்களில் பலர் அவ்வளவு செய்வதில்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், "சனம் கிடக்கு" என்பார்.

உண்மைதான். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் ஒரு அட்டவணையில், அந்தக் குடும்பங்களின் ஆட்கள் இன்னொன்றில், எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பது வேறொன்றில், என்ன கொடுத்தோம் என்பது மற்றொன்றில். எல்லாவற்றையும் ஒரு குடும்ப இலக்கம் கட்டிப் பிடித்திருக்கிறது. "வலையில முடிச்சுப்போல. ஒண்டை இழுத்தா மற்றதெல்லாம் அசையும்" என்று அக்கா விளங்கப்படுத்துவார். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். என் வேலை ஜெனரேற்றரை ஓட்டுவது. அது மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் எழும்ப மட்டும் பெற்றோல் கேட்கும். வன்னியில் பெற்றோல் தங்கத்துக்குத் தங்கை. ஆகவே ஊசிக்குழாயில் ஒரு சொட்டு எடுத்து, குழந்தைக்குப் பேதி மருந்து பருக்குவதுபோல நான் பருக்குவேன். அது மூன்று தரம் தும்மிவிட்டு, ஆனையிறவுவரை கேட்கிற மாதிரிக் கத்தத் தொடங்கும். பிறகுதான் அக்காவின் சனம் திரையில் தெரியும்.

முதல் வருடத்தில் எங்கள் அலுவலகத்தில் கணினிக்குள் நுழைகிற பாஸ்வேட் என்பது தண்ணீர்ச் செம்பு மாதிரி. யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். இடம்பெயர்ந்து போகிறவன் வீட்டுத் திறப்பையே பக்கத்து வளவுக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போகிற இடம் இது. "என்ர பாஸ்வேட்டைத் தரமாட்டன்" என்று ஒருவன் சொன்னால், பிறகு அவன் வீட்டுச் செத்தவீட்டுக்குச் சனம் வராது. களஞ்சியத்துக்குப் பொறுப்பான ஏரம்பண்ணை ஒருநாள் முற்றத்தின் மறு அந்தத்தில் நின்று, கணினியில் பதிகிற தர்மிளாவைப் பார்த்துக் கத்தினார்.

"பிள்ளை தர்மிளா, என்ர பேரில போய் ஒருக்காப் பார்! பாஸ்வேட் வெள்ளைப்பசு!"

வரிசையில் நின்ற சனம் முழுக்கக் கேட்டது. பின்னேரத்துக்குள் அவருடைய வெள்ளைப்பசுவுக்கே தெரிந்துவிட்டது.

இப்படி எல்லாரும் எல்லாருடைய பேரிலும் போய் எல்லாவற்றையும் மாற்றினார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. உதவி செய்யத்தான் மாற்றினார்கள். முடிவில் ஒரே குடும்பம் மூன்று கிராமத்தில் குடியிருந்தது. அந்த மழைக்காலத்தில் கூரைக்குக் கட்டுகிற தறப்பாள் சிலருக்கு இரண்டு போயிற்று, வரிசையின் வாலில் நின்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்கள் சட்டி பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் திரும்பிப் போனதைக் கிறேஸ் அக்கா வாசலில் நின்று பார்த்தார். அன்று அவர் ஒன்றும் கதைக்கவில்லை. ஸ்கந்தபுரத்தில் அவ்வளவு அமைதியான நாளை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் கண்டதில்லை.

அடுத்த நாள் எல்லாரையும் கூப்பிட்டு இருத்தினார்.

"கரைவலை இழுக்கிறதைப் பாத்திருக்கிறியளோ? என்ர அப்பா கிறகோரி மண்டாடி. வலை வளைக்கிறது, இழுக்கிறது எல்லாம் மண்டாடி சொல்லுறபடிதான் நடக்கும். கயிறு இழுக்கிறவன் கயிறு இழுப்பான். மீன் அள்ளுறவன் அள்ளுவான். மீன் சேருற மடியை அவிழ்க்கிறதெண்டா மண்டாடி சொல்லோணும். சம்மாட்டி வலைக்குச் சொந்தக்காரர்தான், ஆனா அவரும் கரையில நிண்டு பாக்கலாம், மடியில கை வைக்கேலாது. இனி இஞ்சயும் அப்பிடித்தான்."

"அப்ப நான் ஆர், பிள்ளை?" என்று பாதர் கேட்டார்.

"நீங்கள் சம்மாட்டி, பாதர். கரையில நிண்டு பாருங்கோ. பிழை கண்டாக் கூப்பிடுங்கோ."

அன்றுதான் மூன்று கூட்டம் பிரிந்தது. "பாக்கிற ஆக்கள்", "எழுதிற ஆக்கள்", "மாத்திற ஆக்கள்". பாதர், ஏரம்பண்ணை முதலியோர் முதல் கூட்டம். தர்மிளாவும் இன்னும் சில பிள்ளைகளும் இரண்டாவது. புதிதாக வந்த குடும்பத்தை எழுதலாம், ஏற்கெனவே எழுதியதைத் தொட முடியாது. மூன்றாவது கூட்டத்தில் அக்கா. அக்கா மட்டும். கூட்டம் என்று எப்படிச் சொல்வது என்று நான் கேட்டேன். "உனக்கு ஜெனரேற்றர் மட்டும்தான்" என்று என் அனுமதியையும் அதே மூச்சில் சொல்லி முடித்தார்.

பாதரும் தன் பங்குக்கு ஒரு கட்டளை போட்டார். கணினி அச்சடித்த துண்டு இல்லாமல் களஞ்சியத்திலிருந்து ஒரு தறப்பாளும் வெளியே போகக் கூடாது. யார் சொன்னாலும்.

வீட்டிலும் இதே சட்டம்தான். அக்காவின் புருஷன் மெல்ரொன் அண்ணைக்குக் குசினியில் பார்க்கிற அனுமதி மட்டும். மீன் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கினால், "ஆர் உங்களை எழுதிற கூட்டத்தில சேத்தது?" என்ற குரல் கிணற்றடியிலிருந்து வரும். "கலியாணத்துக்கு முதலே சொல்லியிருந்தா ஒரு விண்ணப்பமாவது போட்டிருப்பன்" என்று அண்ணை புலம்புவார். மகள் பிறின்சிக்குச் சீனிப் போத்தலில் ஒரு கரண்டி எடுக்க அனுமதி, இரண்டாவது கரண்டிக்கு இல்லை. பக்கத்து வளவு ஆட்டுக்கு வேலிக்குள் எந்த அனுமதியும் இல்லை. அந்த ஆடும் அதை ஏற்றுக்கொண்டு, வேலிக்கு வெளியே நின்று முருங்கையைப் பார்த்துக்கொண்டே மெலிந்து போயிற்று.

இவ்வளவு கட்டுக்காவலும் ஒரு முறை எங்கள் கழுத்தையே இறுக்கியது. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு ஐப்பசி.

முரசுமோட்டைப் பக்கம் ஷெல் விழுந்து, அங்கிருந்து ஒரு தொகுதிக் குடும்பங்கள் ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தன. பள்ளிக்கூட வளவு முழுக்க ஏற்கெனவே ஆட்கள். இவர்களுக்குப் பாலை மரங்களின் கீழ்தான் இடம். அவர்களில் முத்துலிங்கமும் அவன் மனைவி விமலேஸ்வரியும். மலையகத்திலிருந்து இனக்கலவரத்தில் தப்பி வந்து, காடு வெட்டி வயல் செய்த குடும்பம். விமலேஸ்வரியின் கையில் பிறந்து ஒரு மாதமும் நிரம்பாத பிள்ளை. யூரியாப் பைகளைத் தைத்து ஒரு விரிப்பாக்கி, நாலு கம்பில் கட்டி, அதன் கீழே இருந்தாள். பிள்ளைக்கு இருமல் தொடங்கியிருந்தது. வானம் ஒட்டுசுட்டான் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

தறப்பாள் லொறியும் அன்றைக்கே வந்தது. எங்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி. தர்மிளா உடனே கணினியில் இருந்தாள். முத்துலிங்கத்தின் குடும்பம் ஏற்கெனவே முரசுமோட்டை என்று எழுதிக் கிடந்தது. இடத்தை ஸ்கந்தபுரம் என்று மாற்றினால்தான் இங்கே துண்டு அச்சாகும். மாற்றப் போனாள், அனுமதி இல்லை என்றது கணினி. புதுக் குடும்பமாக எழுதப் பார்த்தாள். அந்தக் குடும்ப இலக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. வந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை.

மாற்றக்கூடிய ஒரே ஆள் முதல் நாள்தான் மலேரியாவோடு அக்கராயன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

"ஏரம்பு, நான் சொல்லுறன், துண்டில்லாமக் குடு" என்றார் பாதர்.

ஏரம்பண்ணை களஞ்சியக் கதவில் சாய்ந்து நின்றார். "பாதர், போன வருசம் ஆர் சொன்னாலும் குடுக்காதை எண்டு சொன்னது நீங்கள். நீங்கள் சொன்னாலுமோ எண்டு கேட்டனான். நான் சொன்னாலும் எண்டனீங்கள். மாதா சுரூபத்துக்கு முன்னால வைச்சுச் சொன்னனீங்கள். நான் சைவக்காரன், பாதர், ஆனா மாதாவுக்கு முன்னால குடுத்த வாக்கு வாக்குத்தான். இப்ப குடுத்தா, கடைசியில வாலில நிக்கிறவனுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

பாதர் செய்த சட்டம் பாதரின் காலிலேயே வந்து விழுந்தது.

தர்மிளா சைக்கிளில் அக்கராயனுக்கு மிதித்தாள். போனபோது அக்காவுக்கு நடுக்கம். கட்டிலும் நடுங்கி, பக்கத்துக் கட்டிலும் நடுங்கியதாம். மூன்று போர்வைக்கு மேலே வார்ட்டு வேலைக்காரி வடிவம்மாவும் ஏறி அமுக்கிக்கொண்டிருந்தாராம்.

"அக்கா, பாஸ்வேட்டைச் சொல்லுங்கோ. சனம் மழைக்குள்ள நிக்குது."

காய்ச்சல் மயக்கத்திலும் அக்கா ஒரு கண்ணைத் திறந்தார். "நீ... எழுதிற கூட்டமெல்லோ. மடியில கை வைக்காதை." கண்ணை மூடிக்கொண்டார்.

வடிவம்மாதான் தர்மிளாவைத் தேற்றி அனுப்பினார். "இண்டைக்கு என்ன கதைக்கிறா எண்டே அவாவுக்குத் தெரியாது, மோனை. இது ஒருநாள் விட்டு ஒருநாள் ஏறுற காய்ச்சல். நாளைக்கு விடுற நாள். காலமை வா, மனிசியாக் கதைப்பா. ஆனா எழும்பி வரமாட்டா, கையில சேலைன் ஏறுது."

அன்று பின்னேரம் நாங்கள் செய்ததைச் சொல்ல வெட்கமில்லை: பாஸ்வேட்டைக் கண்டுபிடிக்க முயன்றோம். மெல்ரொன் அடித்தோம், பிறின்சி அடித்தோம், அந்தோனியார் அடித்தோம். முல்லைத்தீவுக் கடலில் உள்ள சூடை, கீரி, பாரை மீன்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வலைக்குள் விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் கணினி 'டிங்' என்றது. "வெள்ளைப்பசு அடிச்சுப் பாருங்கோ, அந்த மனிசிக்கு என்ர மாட்டில ஒரு கண்" என்றார் ஏரம்பண்ணை. அதற்கும் டிங். வெளியே முதல் துமி விழுந்தது.

கடைசியில் பாதர் சொன்னார்: "அவா இஞ்ச வரேலாட்டி, இது அங்க போகட்டும்."

விடிந்ததும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் கணினியையும் பிறின்டரையும் ஜெனரேற்றரையும் ஏற்றினோம். தூறல் நிற்கவில்லை. கணினியை மூட ஒரு தறப்பாள் கேட்டேன். ஏரம்பண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "துண்டு இருக்கோ, மூக்கன்?"

அவரைப் பெட்டியில் தூக்கிப் போட்டு அவரையே மேலே விரிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, விமலேஸ்வரி பாலை மரத்தடியில் எழும்பினாள். பிள்ளையை முத்துலிங்கத்தின் கையில் கொடுத்தாள். நாலு கம்பிலும் இருந்த முடிச்சை அவிழ்த்து, அந்த யூரியாப் பை விரிப்பை உதறிக் கொண்டுவந்தாள்.

"இத போத்திக்கிட்டுப் போங்கண்ணே. அது நனைஞ்சா எல்லாருக்கும்தானே போச்சு."

"அப்ப பிள்ளை?"

"ஸ்கூல் வராந்தாவுல நின்னுக்கிறேன். சீக்கிரம் வந்துருங்க."

முத்துலிங்கமும் பிள்ளையை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதருக்கும் தர்மிளாவுக்கும் பின்னால் பெட்டியில் ஏறி, விரிப்பின் நுனிகளைக் கையாலும் காலாலும் பிடித்துக்கொண்டான். வழியில் இருந்த குழிகள் ஒவ்வொன்றும் சின்னக் குளம். நான் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. ஒரு ஆமை எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துக் காத்து நின்றது.

வார்ட்டில் இருந்த மலேரியாக்காரர் எல்லாரும் எழும்பி உட்கார்ந்துவிட்டார்கள். டொக்டர் ஜெனரேற்றரைப் பார்த்தார், பாதரைப் பார்த்தார், "யன்னலுக்கு வெளியில. கெதியா முடியுங்கோ" என்றார். மேசை இல்லை, மருந்துத் தட்டு வைக்கிற தள்ளுவண்டியில் கணினியை வைத்துக் கட்டிலோடு சேர்த்தோம். அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார். முகம் வற்றிப் போயிருந்தாலும் கண் தெளிவு. அந்தக் கண் கணினியில் விழுந்த உடனே குரலும் வந்தது.

"உதை ஆர் தூக்கினது? ஆர் அனுமதி குடுத்தது?"

"நான்தான், பிள்ளை" என்றார் பாதர்.

"உங்களுக்குப் பாக்க மட்டும்தானே, பாதர்!"

வார்ட்டே சிரித்தது. தர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து, முரசுமோட்டைச் சனம் வந்தது, லொறி வந்தது, விமலேஸ்வரி கூரையைக் கழற்றித் தந்தது எல்லாவற்றையும் சொன்னாள். முத்துலிங்கம் நனைந்த யூரியாப் பையைப் பிடித்தபடி கதவடியில் நின்றான். அக்கா அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர அப்பா காய்ச்சலெண்டு படுத்த நாளில வலை கரையில கிடக்கேல்லை" என்றார். "பக்கத்து வீட்டு மாமா மண்டாடியா நிண்டவர். நான் எல்லாருக்கும் இடம் வைச்சன். எனக்குப் பதிலா நிக்க ஒராளை வைக்கேல்லை. விசரி."

"அக்கா, நீங்களே இப்ப மாத்திவிட்டா முடிஞ்சுதுதானே?"

"நாளைக்குத் திரும்பக் காய்ச்சல் ஏறும். நாளைக்கு வாற சனத்துக்கு ஆர் மாத்துறது? பாஸ்வேட்டை உனக்குச் சொல்லவும் ஏலாது; நீ மாத்தினாலும் கிறேஸ் மாத்தினதெண்டெல்லோ கிடக்கும். உன்ர பேரிலயே மாத்திற கூட்டத்துக்கு மேல வா." பிறகு வார்ட்டைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் அங்கால திரும்புங்கோ!"

திரும்பினோம். பாதர் திரும்பினார், வடிவம்மா திரும்பினார், டொக்டர் ஊசியோடு திரும்பினார். அடுத்த கட்டில் கிழவர் திரும்ப ஏலாமல் போர்வையால் முகத்தை மூடினார். சேலைன் ஏறாத ஒற்றைக் கையால் அக்கா தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாற்றுகிற ஆட்களின் கூட்டம் அன்றைக்குத்தான் கூட்டமாயிற்று.

தறப்பாள் கதையை முதலே சொல்லிவிடுகிறேன், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். தர்மிளா தன் பேரில் போய் முத்துலிங்கத்தின் இடத்தை மாற்றினாள். கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பிறின்டர் கிரீச்சென்று கத்தித் துண்டைத் துப்பியது. முத்துலிங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைக்குள் வைத்தான். அப்போதுதான் அவன் மூச்சு விட்டதை நான் கண்டேன். மற்றக் குடும்பங்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மழை இடித்துக் கொட்டியபோது பாலை மரங்களின் கீழே நீலத் தறப்பாள்கள் விறைப்பாக நின்றன. விமலேஸ்வரியின் பிள்ளை அதற்குள்ளே உலர்ந்த துணியில் தூங்கியது. துண்டை வாங்கிப் பார்த்துத் தறப்பாள் எடுத்துக் கொடுத்த ஏரம்பண்ணை, தானே கம்பு வெட்டி நட்டும் கொடுத்தார். அதற்குத் துண்டு கேட்கவில்லை.

ஆனால் அதற்கு முன்னால், வார்ட்டில், கடைசித் துண்டும் அச்சாகி நான் யன்னலால் கையை நீட்டி ஜெனரேற்றரை நிறுத்தப் போனபோது, அக்கா கட்டிலில் இருந்தபடியே நிறுத்த வேண்டாம் என்றார்.

"தர்மிளா, உன்ர பாஸ்வேட் இஞ்ச எத்தினை பேருக்குத் தெரியும்?"

தர்மிளா விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள். அது எனக்குத் தெரியும். பாதருக்கும் தெரியும் என்பது அவர் இருமிய இருமலில் தெரிந்தது.

"மேல வந்தவள் அதோட இருக்கேலாது. புதுசு போடு. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது."

"உங்களுக்குமோ, அக்கா?"

"எனக்கும்தான்."

யாரும் சொல்லாமலே நாங்கள் எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பினோம். நான் கொஞ்சம் கடைக்கண்ணை விட்டுவைத்தேன். தர்மிளா விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்தபடி காத்திருந்தாள். கிறேஸ் அக்கா சேலைன் ஏறிய கையைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்தார். முனகி முனகி மெல்லப் புரண்டு, கண்ணாடியையும் கழற்றித் தலையணையின் கீழ் வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.